ஜானகி குண்டத்துக் கல்

சித்திரகூடத்துக்கு யாத்திரை சென்று வந்தவர்கள் ஜானகி குண்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். வனவாச காலத்தில் சீதாப் பிராட்டி நீராடிய துறை என்று ஐதிகம். மந்தாகினி நதியில் நீராடி, ஈரத் துணியைப் பிழிந்து உடுத்திக்கொண்டு கரையேறுகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள். குரங்குகளைப் பார்த்துப் பயப்படுவார்கள். காலின் கீழே இருக்கும் பாறையைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் அதில் கண்ணைக் கவருவதற்கு ஒன்றும் இல்லை. டோலமைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லும் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல், அவ்வளவுதான்.

ஆனால் அக்கல்லின் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து, ஊறுகாய்க்குச் சேர்க்கும் காடியில் உள்ள புளிப்பைப் போன்றதொரு மெல்லிய திராவகத்தில் ஊற வைத்தால், சுண்ணாம்பு சிறிது சிறிதாகக் கரைந்துபோய் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். அதைக் கழுவி உலர்த்தி, மைக்ராஸ்கோப்பின் கீழே பரப்பி, மெல்லிய தூரிகையின் நுனியால் பொறுக்கிப் பார்த்தால் கடுகினும் சிறிய குழல்களும் உருண்டைகளும் அகப்படும். குழல்களில் வளையம் வளையமாக வரிகள் இருக்கும். உருண்டைகளின் மேல் தேன் கூட்டின் அறைகளைப் போலக் கோணக் கோணமான கோடுகள் இருக்கும். அவை என்ன? பிராணிகளா, செடிகளா, அல்லது ஒன்றுமே இல்லையா? இந்தக் கேள்வியின் மேல் ஏறத்தாழ 20 வருஷ காலம் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பாரத விஞ்ஞானியின் நற்பெயரே அதில் பணயமாக இருந்தது என்பதால், நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளுவது தகும் என்று நினைக்கிறேன்.

அந்த விஞ்ஞானியின் பெயர் ரஃபத் ஆஸ்மி. டேராடூனில், நம் நாட்டின் தலைசிறந்த பூகர்ப்ப சாஸ்திரிகளுள் ஒருவரான வாடியாவின் பெயரால் வழங்கும் இமாலய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். 1998-ம் வருஷம் அவர் பாரத பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸோன் நதிப் பள்ளத்தாக்கில், விந்தியப் பாறை அடுக்குகளின் கீழ்ப் பகுதியில், மிகச் சிறிய ஓடுகளின் பாஸில்களைக் கண்டதாகவும், அவை கேம்பிரியன் காலத்தின் ஆரம்பத்தைச் சேர்ந்த பிராணிகளின் ஓடுகள் என்றும் அதில் எழுதியிருந்தார். ஜீவராசிகள் மண்ணில் புதையுண்டு கல்லாகச் சமைந்த சின்னங்களையே பாஸில் என்கிறோம்.

இது ஏன் பெரிய செய்தி என்பதைச் சற்று விளக்க வேண்டும். பூமி பிறந்து சுமார் 454 கோடி வருஷங்கள் ஆகின்றன. அதில் மிகப் பெரும் பகுதியில் கடலில் இருந்தவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளுமே. 53 கோடியே 90 லட்சம் வருஷங்களுக்கு முன் தொடங்கியதுதான் கேம்பிரியன் காலம். அப்போதுதான் ஓடும் காலும் கண்ணும் உள்ள பிராணிகள் கூட்டம் கூட்டமாகப் பாறைகளில் தலைகாட்டுகின்றன. ஆகையால் ஒரு பாறையில் கேம்பிரியன் ஓடு ஒன்று கிடைத்தால், பாறையின் வயதுக்கு அதுவே ஜாதகம். விந்தியத்தின் கீழ் அடுக்குகளோ நூறு கோடி வருஷத்துக்கும் மேற்பட்டவை என்று அதுகாறும் எல்லோரும் எண்ணி வந்தார்கள். வானளாவ வளர்ந்த விந்தியத்தின் உயரத்தை அகத்திய முனிவர் தாழ்த்தினார் என்பது புராணம். ஆஸ்மி அதன் வயதைத் தாழ்த்திவிட்டார்; அதுவும் பாதிக்குப் பாதி.

வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் அதே பாறை வரிசையைப் பற்றி நேர் விரோதமான ஒரு செய்தியும் வெளிவந்தது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளரான ஸைலாஹரும், கல்கத்தா ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரதீப் போஸும், ப்ளூகர் என்பவரும் சேர்ந்து ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் எழுதினார்கள். சோர்ஹாட் மணற்கல்லில் புழுக்கள் துளைத்துச் சென்ற தடங்களைக் கண்டோம், அவை நூறு கோடி வருஷத்துக்கு முந்தியவை, ஆகவே பிராணிகளின் பிறப்பு யாரும் நினைத்ததைவிடப் புராதனமானது என்பது அவர்கள் கட்சி. ஒரே மலை. ஒருவர் அதைக் குழந்தை என்கிறார், மற்றவர் அதைக் கிழவர் என்கிறார். ஆஸ்மியின் சொல் மெய்யானால் ஸைலாஹரின் புழுக்கள் சாதாரணப் புழுக்கள். ஸைலாஹரின் சொல் மெய்யானால் ஆஸ்மியின் ஓடுகள் அங்கே இருக்கவே முடியாது.

ஆஸ்மியின் பேரில்தான் சந்தேகம் அதிகமாக விழுந்தது. அவர் கண்டவை உண்மையில் பாஸில்கள்தாமா என்றே பலர் கேட்டார்கள். அச்சந்தேகத்தின் கடுமையை அறிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1989-ல்தான் இமயமலைப் பாஸில்களைப் பற்றிய ஒரு பெரிய மோசடி உலகப் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. வெளிநாட்டுப் பாஸில்களை இமயமலையில் கிடைத்தவை என்று ஒருவர் பல வருஷங்களாக எழுதி வந்தது வெளிப்பட்டது. பத்து வருஷங்களில் அப்படிப்பட்ட செய்தி மறந்துவிடுமா? வேறொருவர் செய்த குற்றத்தின் நிழல், பாஸில் தேடும் நம் நாட்டார் ஒவ்வொருவர் மேலும் விழும் காலம் அது. இது நியாயமல்ல, ஆனால் உலக வழக்கம்.

பாறையின் வயதை அறிவதற்குப் பாஸிலைத் தவிர வேறு கடிகாரமும் உண்டு. யுரேனியம் என்னும் உலோகம் தானாகவே சிதைந்து கடைசியில் ஈயமாக மாறுகிறது. அதன் முக்கிய வகையில் பாதி ஈயமாவதற்கு 447 கோடி வருஷங்கள் வேண்டும். மற்றொரு வகைக்கு 70 கோடி வருஷங்கள் போதும். வெப்பமோ அழுத்தமோ இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. எரிமலைக் குழம்பில் உண்டாகும் ஸிர்க்கான் என்ற பளிங்கு மணிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: பிறக்கும்போது யுரேனியத்தைத் தன்னுள்ளே ஏற்கும், ஈயத்தை அண்ட விடாது. ஆகவே பின்னாளில் அதனுள் காணப்படும் ஈயம் அனைத்தும் யுரேனியத்திலிருந்து உண்டானதே. இரண்டையும் அளந்தால் மணியின் வயது தெரிந்துவிடும். விந்தியப் பாறைகளுக்கிடையே பழைய எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்குகள் இருக்கின்றன. 2002-ல் இரண்டு குழுவினர் தனித்தனியே அவற்றின் ஸிர்க்கான் மணிகளை அளந்து விடை சொன்னார்கள். இருவர் விடையும் ஒன்றே: சுமார் 160 கோடி வருஷம்.

இந்த எண்ணால் இரு கட்சிக்கும் நஷ்டம். ஸைலாஹரின் புழுக்கள் நூறு கோடியிலிருந்து நூற்றறுபது கோடிக்குப் போய்விட்டன. உலகில் வேறெங்கும் புழு என்ற பேச்சே இல்லாத காலம் அது. வயது ஏற ஏற நம்பிக்கை இறங்கிற்று. இன்று பெரும்பாலோர் அத்தடங்களைப் புழுக்களின் வேலையாக ஏற்பதில்லை. ஆஸ்மியோ அசையவில்லை. ஈயத்தைவிடப் பாஸிலே நம்பத் தகுந்த சாட்சி என்று வாதித்து, தம் கூட்டாளிகளுடன் மேலும் தேடினார். சித்திரகூடத்தில் ஜானகி குண்டத்துக் கல்லில் வரிக் குழல்களும், கருவைப் போன்ற உருண்டைகளும் ஏராளமாகக் கிடைத்தன.

‘கரு’ என்ற சொல் இங்கே எப்படி வந்தது? அதற்கு நாம் சீன தேசத்துக்குப் போய் வர வேண்டும். அங்கே குவெய்ஜௌ மாகாணத்தில் வெங்கான் என்னும் ஊரில், உரத்துக்காகப் பாஸ்பேட் கல் வெட்டியெடுக்கிறார்கள். அக்கல்லில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருண்டைகள் கணக்கின்றிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஓர் உயிரணு, சிலவற்றில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று பிரிந்துகொண்டே போகும் நிலைகள் அப்படியே கல்லாகியிருக்கின்றன. இதுவும் 1998-ல்தான் வெளியாயிற்று. அவ்வருஷம் பிப்ரவரியில் ஷூஹாய் ஸியாவ், யுன் ஜாங், ஆண்ட்ரூ நால் என்ற மூவர் ‘நேச்சர்’ பத்திரிகையில், இவை சுமார் 60 கோடி வருஷங்களுக்கு முந்திய பிராணிகளின் கருக்கள் என்று எழுதினார்கள். பிராணியே அகப்படாத காலத்தில் அதன் கரு அகப்பட்டுவிட்டது என்று உலகம் வியந்தது.

வியப்பு ஒன்பது வருஷம் நீடித்தது. ஆப்பிரிக்காவில் நமீபியாக் கரையோரத்துக் கடற்சேற்றில் தியோமார்கரிட்டா என்ற ஒரு பூத பாக்டீரியா இருக்கிறது. பாக்டீரியா என்றால் கண்ணுக்குத் தெரியாது என்ற நியதியை மீறி, வெறுங்கண்ணுக்கே முத்துப்போலத் தெரிவது. அதன் இனத்தவையும் இரண்டு நான்காகப் பிரிவதுண்டு. ஆகவே வெங்கான் உருண்டைகள் இவ்வகைப் பாக்டீரியாக்களே என்று 2007-ல் ஜேக் பெய்லி முதலியோர் வாதித்தார்கள். 2011-ல் வேறொரு குழு எக்ஸ்-ரே கிரணங்களைப் பாய்ச்சி உருண்டைகளின் உள்ளே நோக்கி, உட்கரு போன்றவற்றைக் கண்டது. உட்கரு இருந்தால் பாக்டீரியா அல்ல. ஆனால் பிரிந்த உயிரணுக்கள் உடலாக அமையாமல் விதைத் துகள்களைப்போல வெளியேறுகின்றன, எனவே பிராணியும் அல்ல என்று அது சொல்லிற்று. 2019-ல் கேவியாஸ்பீரா என்ற ஒரு வகை உருண்டையை ஆராய்ந்தவர்கள், இதில் உயிரணுக்கள் இடம் பெயர்ந்து ஒழுங்காக அமைகின்றன, பிராணிக் கருவின் போக்கு இதுவே என்று மறுபடியும் பிராணிப் பக்கம் சாய்ந்தார்கள். வெங்கான் வழக்கு இன்னும் முடியவில்லை.

2011-ம் வருஷக் குழுவில் ஒருவர் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் பொருட்காட்சி சாலையைச் சேர்ந்த ஸ்டெபான் பெங்ட்ஸன். கேம்பிரியன் காலத்துச் சிற்றோடுகளை ஆராய்வதில் தேர்ந்தவர். 1997-லேயே கேம்பிரியன் கருக்களின் பாஸில்களைப் பற்றி எழுதியவர். ஆஸ்மியின் குழல்களையும் உருண்டைகளையும் தீர்ப்புச் சொல்ல இவரைவிடத் தகுந்த ஆள் கிடைப்பது அரிது. அவரும் அவர் துணைவர்களும் சித்திரகூடத்துக் கல்லைப் புதிதாகச் சேகரித்துத் தாங்களே சோதித்தார்கள். இங்கேதான் இவர்களுடைய யுக்தியை மெச்ச வேண்டும். பாஸில் ஓரிடத்தில், ஈயக் கணக்கு வேறோரிடத்தில் என்றிருந்ததால் அல்லவா வாதம் வளர்ந்தது? எந்தப் பாஸ்பேட் கல்லில் பாஸில் இருக்கிறதோ, அதே கல்லின் ஈயத்தையே அளந்துவிட்டார்கள். முடிவு 2009-ல் வெளியாயிற்று. கல்லின் வயது 165 கோடி வருஷம். 8 கோடியே 90 லட்சம் முன்பின்னாக இருக்கலாம்.

பாஸில்கள்? அவை இருந்தன! ஆஸ்மி சொன்ன வரிக் குழல்கள் அவர் சொன்னபடியே அக்கல்லில் இருந்தன. கட்டுரையின் தலைப்பிலேயே அவை மெய்யானவை என்று எழுதிவிட்டார்கள். கூடவே, நூறு கோடி வருஷத்துக்கும் மேலாக அவை பழமையானவை என்றும் எழுதினார்கள். பதினொரு வருஷம் சந்தேகத்துக்கு ஆளான ஒருவருக்கு அத்தலைப்பின் முதற்பாதி எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும், இரண்டாம் பாதி எவ்வளவு கசந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவர் கண் பொய்க்கவில்லை. கண்டதற்கு அவர் சொன்ன பொருள்தான் பொய்த்தது. வரிக் குழல்கள் பிராணியின் ஓடுகள் அல்ல. இழை இழையாக வளர்ந்த பாசியின் எச்சங்கள்.

கரு போன்ற உருண்டைகளின் கதி இன்னும் பரிதாபம். அவை பாசிகூட இல்லை; வெறும் வாயுக் குமிழிகள்! ஆழமற்ற கடலில் நீலப் பச்சைப் பாசி வழவழவென்று விரிப்புப்போலப் படர்ந்திருக்க, அதனுள் உண்டான வாயு வெளியேற வழியின்றிக் குமிழிகளாகச் சிக்கிக்கொண்டது. குமிழியைச் சுற்றிப் பாஸ்பேட் படிந்து கல்லாயிற்று. கருவும் இல்லை, தாயும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சற்று வெட்கமும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுவேன். முதலில் பார்க்கும் பிள்ளை, “ஸார், உயிரணு! வட்டமாக, கறுப்புக் கரையோடு!” என்று கூவாமல் இருப்பதில்லை. அது காற்றுக் குமிழி. நான் கல்லூரியில் முதன் முதலாகப் பார்த்து, பென்சிலால் அழகாக வரைந்து, உட்கருவையும் சேர்த்து எழுதிக்கொண்டு போய்க் காட்டியதும் அதுதான். உட்கரு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்டார். இருக்க வேண்டும் என்று நினைத்ததால் தெரிந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இருக்க வேண்டும் என்று நினைத்தது தெரிவதற்கு விந்தியமே வேறோர் உதாரணமும் தந்திருக்கிறது. டிக்கின்ஸோனியா என்ற தட்டையான, இலை போன்ற ஜீவன் ஒன்று கேம்பிரியனுக்கு முன் வாழ்ந்தது. ருஷ்யாவில் வெண்கடலோரத்தில் கிடைத்த அதன் பாஸிலில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பின் சின்னம் இருப்பதை 2018-ல் கண்டு, அது பிராணிதான் என்று முடிவு செய்தார்கள். அதன் வயது 55 கோடியே 80 லட்சம் வருஷம். 2021-ல், போபாலுக்கு அருகே பழங்கால ஓவியங்களுக்குப் பெயர் போன பீம்பேட்காக் குகைச் சுவரில் அதே டிக்கின்ஸோனியாவின் உருவைக் கண்டதாக ரெட்டாலக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் முதலியோர் அறிவித்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. மறு வருஷங்களில் வேறொரு குழு போய்ப் பார்த்தபோது அந்தப் ‘பாஸில்’ சுவரைவிட்டு உரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கோடி வருஷக் கல் இரண்டு மூன்று வருஷத்தில் உதிருமா? அது மலைத் தேனீக்கள் கட்டிக் கைவிட்ட கூட்டின் தடம். அக்கம்பக்கத்தில் புதிய கூடுகளும் தொங்கின. 2023-ல் இது வெளியானதும், ரெட்டாலக் தம் தவற்றை ஒப்புக்கொண்டார்.

சித்திரகூடத்துப் பாசியின் கதை அத்துடன் முடியவில்லை. பெங்ட்ஸன் குழுவினர் அக்குழல்களை ஸ்விட்ஸர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஸிங்க்ரோட்ரான் என்ற பெரிய வளைய யந்திரம் இருக்கிறது. மின் அணுக்களை ஒளியின் வேகத்துக்கு நெருங்கச் சுழலவிட்டு, மிக உக்கிரமான எக்ஸ்-ரே கிரணங்களை அதிலிருந்து பெறுகிறார்கள். அக்கிரணத்தின் முன்னே பாஸிலை மெல்லத் திருப்பிக்கொண்டே படமெடுத்தால், உடைக்காமலே அதன் உள்ளமைப்பு முழுவதும் தெரிந்துவிடும். தெரிந்தது வியப்பானது. இழையில் உயிரணுக்கள் அறை அறையாக அடுக்கப்பட்டிருந்தன. அறைக்கு அறை நடுவில் ஒரு சிறு தகடு. அறைச் சுவர்களின் மத்தியில் துளை போன்ற ஓர் அடையாளம். சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்கும் உறுப்பின் ஒரு பாகமே அத்தகடு என்றும், அத்துளைகள் செம்பாசிகளுக்கு உரியவை என்றும் 2017-ல் அவர்கள் எழுதினார்கள். செம்பாசி நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுத்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அவ்வினமே. இனிப்புக் கடையில் கட்டிக் கட்டியாக விற்கும் கடற்பாசி அல்வாவுக்கு வேண்டிய அகர்-அகர் அதிலிருந்துதான் வருகிறது.

பிராணிகளின் பிறப்புக்கும் பாசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாசிக்கும் நமக்கும் பொது மூதாதை ஒன்று உண்டு: உட்கருவுடைய ஓர் ஆதி உயிரணு. 160 கோடி வருஷத்துக்கு முன்பே செம்பாசி தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டது என்றால், மூதாதை அதனினும் பழமையாக இருக்க வேண்டும். பிராணிகள் தோன்றும் வழியும் அப்போதே திறந்திருந்தது என்றாகிறது. பிறகு ஏன் நூறு கோடி வருஷத் தாமதம்? கடலில் பிராணவாயு போதாமல் இருந்ததே காரணம் என்கிறார்கள் சிலர். அது மட்டும் போதாது என்கிறார்கள் சிலர். ஆஸ்மி பிராணியைத் தேடினார். அவருக்குக் கிடைத்தது, பிராணி ஏன் வரவில்லை என்ற கேள்வி. இரண்டில் எது பெரிய பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

புதிய ஜீவனைக் கண்டு விளக்குகிறவர்கள் அதற்குப் பெயரிட வேண்டும். ஒரு வகைக்கு, சித்திரகூடத்தில் வனவாசம் செய்த ராமபிரானை நினைத்து ‘ராமதாலஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இழை வடிவான வகைக்கு வைத்த பெயர் ‘ரஃபதாஸ்மியா சித்ரகூடென்ஸிஸ்’. ரஃபத் ஆஸ்மியும் சித்திரகூடமும் அதில் சேர்ந்தே இருக்கிறார்கள்.

அது செம்பாசிதானா என்பதை எல்லோரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐயத்துக்கு இடமின்றிச் செம்பாசி என்று சொல்லக்கூடிய மிகப் பழைய பாஸில், கனடாவின் வட கோடியில் கிடைத்த பாங்கியோமார்பா. அதற்கு வயது சுமார் 105 கோடிதான். உட்கருவின் மரபுப் பொருள் இத்தனை காலம் அழியாமல் நிற்பதில்லையாதலால் அதைக் கொண்டு சோதிக்கவும் வழி இல்லை. நாளை வேறொருவர் வந்து, இது செம்பாசியே அல்ல என்று நிரூபித்தாலும் நிரூபிக்கலாம். அப்படியானாலும், ஒரு ஜீவனுக்கு முறைப்படி முதலில் இட்ட பெயரை, அதைப் பற்றிய கருத்து மாறியது என்ற காரணத்துக்காக நீக்குவது சாஸ்திர விதியில் இல்லை.